எல்லை காட்டியவள்

17

"பின்னேரம் அசறு தொழுதிட்டு நேர அங்கதான் வருவாங்க. அதுக்கு முன்ன ஊடு வெறுமனா இரிக்கணும்."

"வெறுமனா எண்டா?"

"ஆக்கள் இல்லாம. மாப்புள்ளட உம்மா ஊட்டப் பாக்கத்தான் வாறா. ஊட்டுல இரிக்கிறவங்கட அழுகையப் பாக்க வரல்ல."

"அது என்ட கூடப்பொறந்த ராத்தா, ஸகியா."

"ஓம். நதீரா உங்கட மகள்."

மீராசா சட்டைப் பொத்தானைப் போடுகிற சாட்டில் குனிந்துகொண்டார். பதினொரு வருட வழக்கில் எத்தனையோ அப்புக்காத்துமாரின் குறுக்குக் கேள்விகளைப் பார்த்த மனிதர் அவர். மனைவியின் இந்த நாலு சொல்லுக்கு மட்டும் ஒருநாளும் மறுமொழி கண்டுபிடிக்கவில்லை.

ஸகியா கெட்டவள் அல்ல. பயந்தவள். சாய்ந்தமருதில் அவர்களுக்கென்று இருந்த ஒரே வீட்டை மூத்தவள் ஹப்ஸாவுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்து, மருமகனையும் அழைத்தாகிவிட்டது. இப்போது மீராசாவும் ஸகியாவும் இளைய மகள் நதீராவோடு பின்பத்தியில் இரண்டு அறைக்குள் இருக்கிறார்கள். மகள் இருந்தால் அவளுக்கு வீடு வேண்டும். வீடு இருந்தால்தான் மாப்பிள்ளை வருவான். சோளகம் அடித்தாலும் வாடை அடித்தாலும் இந்தக் கரையில் மாறாத சட்டம் இது. மீராசாவும் அப்படி வந்தவர்தான். இருபத்திரண்டு வயதில், நற்பிட்டிமுனையில் பிறந்த வீட்டை விட்டு, ஒரு தகரப் பெட்டியோடு ஸகியாவின் வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்து இறங்கியவர்.

அந்தப் பிறந்த வீடுதான் இன்று அவர் கைக்கு வரப்போகிறது.

வாப்பா அதை ராத்தா முனவ்வறாவுக்குக் கொடுத்தார். நிக்காஹ் பந்தலில் பள்ளி மரைக்கார்மார் முன்னால், "இந்த வளவும் ஊடும் என்ட மகளுக்கு" என்று சொன்னார். பள்ளிவாசலில் கல்யாணங்களைப் பதிகிற கடுத்தத்தில் அதை எழுதியும் வைத்தார்கள். நொத்தாரிசிடம் போய் உறுதி முடிக்கச் சொன்னவர்கள்மீது வாப்பாவுக்குக் கோபம் வந்தது. "அல்லாட ஊட்டுல எழுதினத்துக்கு மேல இன்னொரு எழுத்தா?" என்று கேட்டார். அந்தக் கோபத்துக்கு மகள் ஒரு வீட்டை விலையாகக் கொடுக்க நேர்ந்தது. நொத்தாரிசு முடிக்காத காணிக்கொடை செல்லாது என்றார் கல்முனைக் கோட்டு நீதிபதி. மேல்கோடும் அதையே சொன்னது. வளவு வாப்பாவின் முதுசம், ஆணுக்கு இரண்டு பங்கு, பெண்ணுக்கு ஒரு பங்கு. வீடு நிற்கிற முன்பக்கம் மீராசாவுக்கு; கிணறு இருக்கிற பின்பக்கம் முனவ்வறாவுக்கு. இனிப் போக இடமில்லை. கடைசித் தீர்ப்பு.

வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள்: சாட்சிக் கூண்டில் மீராசாவிடம் ஒரு கேள்வி கேட்கப்பட்டது. "உமது தகப்பனார் அன்று பந்தலில் சொன்னதை நீர் கேட்டீரா?" பதினெட்டு வயதில், பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டவர் அவர். "ஞாபகமில்லை" என்றார். வெளியே வந்ததும் அவருடைய அப்புக்காத்து சிரித்தார். "கேட்டனெண்டே சொல்லியிரிக்கலாமே மீராசா. சட்டத்துக்கு ரெண்டும் ஒண்டுதான்."

தேவையே இல்லாத ஒரு பொய். அது செருப்புக்குள் அகப்பட்ட மணல்போல் ஆறு வருடமாக உறுத்திக்கொண்டிருந்தது.

கடப்படி வாசலில் நதீரா நின்றாள்.

"வாப்பா, மாமி எங்க போவாங்க?"

"அவக்குப் பின்வளவு இரிக்கி புள்ள."

"அதுல கிணறுதானே இரிக்கி. கிணத்துக்குள்ளயா போய் இரிப்பாங்க?"

"உன்ட வாய் உன்ட உம்மாட வாய்தான்" என்று சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. நதீரா சிரிக்கவில்லை. மாமி பெருநாளைக்குத் தைத்துக் கொடுத்த நீலச் சட்டையைத்தான் அவள் போட்டிருந்தாள். வேண்டுமென்றே போட்டாளா, கையில் அகப்பட்டதைப் போட்டாளா என்று கேட்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

*

கோட்டுக் கட்டளைகளை நிறைவேற்றும் பிஸ்கால் கந்தோரிலிருந்து வந்த உத்தியோகத்தர் அழகரெத்தினம் வாடகைக் காரின் முன்சீட்டில் இருந்தார். மடியில் சிவப்பு நாடா கட்டிய கோவை. கார் கல்முனைச் சந்தையைத் தாண்டி மேற்கே திரும்பியதும் இரண்டு பக்கமும் வயல் விரிந்தது. அறுவடை முடிந்து ஒட்டு மட்டும் நின்றது. கொக்குகள், யாரோ வெள்ளைத்தாளைக் கிழித்து எறிந்ததுபோல் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தன.

"எல்லை காட்ட ஆரும் வாறாங்களா, காக்கா?"

"நானே இரிக்கன் ஐயா. பொறந்த வளவு."

"கடைசியா அங்க எப்ப படுத்தெழும்பின நீங்க?"

மீராசா யோசித்தார். "கலியாணத்துக்கு முந்தின ராவு."

அழகரெத்தினம் சிரித்துவிட்டார். "எனக்கும் அதே கதைதான். காரைதீவில பொறந்து பாண்டிருப்பில கலியாணம் முடிச்சன். அம்மாட வீட்டுக்குப் போனா எனக்கு இப்ப கதிரை போடுறாங்க. வீட்டுக்குப் பின்னால கோடிப்பக்கம் எப்படி இருக்கெண்டு கேட்டா எனக்குத் தெரியா."

மீராசாவுக்கு அது வேடிக்கையாகத்தான் பட்டது. அப்போது.

வளவுக்கு முன்னால் ஏற்கெனவே பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். ஊர் அதிகாரியான விதானை வந்திருந்தார். பக்கத்து வளவுக்காரர் கச்சிமுகம்மது வேலியில் கையை ஊன்றி, நாடகம் பார்க்க முன்வரிசையில் இடம் பிடித்தவர்போல் நின்றார்.

"வாங்க மீராசா, வாங்க. இருவது வருஷமா முன்கதவால வந்து கோழிக்கறி தின்னுட்டுப் போன ஊடு. இண்டைக்குக் கதவையும் கொண்டுபோக வந்திட்டீங்க."

"கச்சிமுகம்மது, உங்களுக்கு வேலை இல்லையா?" என்றார் விதானை.

"வேலையெல்லாம் நாளைக்குச் செய்யலாம். இது நாளைக்கு வராதே."

கதவு திறந்துதான் கிடந்தது. வாசலில் முனவ்வறாவின் மகள் கமீலா நின்றாள். பத்தொன்பது வயது. ராத்தாவின் கணவர், மச்சான் ஹஸன் மௌத்தாகி மூன்று வருடம். அதற்குப் பிறகு அந்த வீட்டில் தாயும் மகளும் மட்டுந்தான். மீராசாவைக் கண்டதும் வழக்கமாக "மாமா" என்று ஓடி வருகிறவள், இன்று முந்தானையை இழுத்துத் தலையை மூடி, அந்நிய ஆணைக் கண்டதுபோல் ஒதுங்கி நின்றாள். கச்சிமுகம்மது சொன்ன எதுவும் அவரைத் தைக்கவில்லை. இது தைத்தது.

அழகரெத்தினம் கட்டளையை உரக்க வாசித்தார். பிறகு வரைபடத்தை விரித்தார்.

"முன்காணிக்கும் பின்காணிக்கும் நடுவில ரெண்டு கல்லு நட்டிருக்கு. மேற்கால ஒண்டு, கிழக்கால ஒண்டு. அந்த ரெண்டுக்கும் கயிறு பிடிச்சாத்தான் எது ஆருடையதெண்டு சொல்லலாம்."

மேற்குக் கல் ஒழுங்கையோரம் வேலியடியில் இருந்தது. எல்லோருக்கும் தெரிந்தது. கிழக்குக் கல்லைக் காணவில்லை.

"கிழக்குக் கல்லு மூணு தென்னைக்குக் கிட்ட எண்டு படத்தில இருக்கு. காக்கா, காட்டுங்க."

மீராசா பின்பக்கம் நடந்தார். நாலடி போனதும் நின்றார். தென்னைகள் இல்லை. எழுபத்தெட்டாம் ஆண்டுப் புயலில் விழுந்திருக்கும்; இந்தக் கரையில் எது விழாமல் நின்றது? அவை விழுந்த செய்தியை ராத்தா சொல்லித்தானிருப்பாள். காதில் விழுந்து மறைந்திருக்கும். அவருடைய மனத்தில் அந்த மூன்றும் இன்னும் நின்றன. கண்ணுக்கு முன்னால் முருங்கை நின்றது, வாழை நின்றது, அவர் கண்டறியாத ஒரு கல் அடுக்களை நின்றது. புயலுக்குப் பிறகு முனவ்வறா கட்டியது. சீமெந்துச் சுவர், ஓடு போட்ட கூரை.

"இந்தா... இதுக்குள்ளதான்" என்று வேலியோரம் ஓரிடத்தைக் காட்டினார்.

கச்சிமுகம்மது வெடித்துச் சிரித்தார். "காக்கோவ்! நீங்க காட்டுறது என்ட கக்கூசு! கோடு அதையுமா உங்களுக்குத் தீத்திரிக்கி?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. விதானைகூடத் துவாயால் வாயை மூடினார்.

அழகரெத்தினம் சிரிக்கவில்லை. அடுக்களையைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். "கல்லு இஞ்சால இருந்தா அடுக்களை பின்காணிக்குப் போகும், அவவுக்கு. அங்கால இருந்தா முன்காணிக்கு, உங்களுக்கு. கண்மட்டத்தில நான் தீர்மானிக்க ஏலாது. கல்லு இல்லையெண்டா சேவையர் வந்து திரும்ப அளக்கவேணும். அதுக்கு மனுப்போடவேணும்."

"எவ்வளவு நாள் செல்லும் ஐயா?"

"நாளா? மாசக் கணக்கு."

கல்யாணத்துக்கு இருபத்திரண்டு நாள் இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் வர நாலு மணித்தியாலம் இருந்தது. வீடு இல்லை என்று தெரிந்தால் அவர்கள் வந்த வண்டியிலேயே திரும்பிவிடுவார்கள். ஏற்கெனவே ஒரு சம்பந்தம் இப்படி முறிந்துபோன நதீராவுக்கு இது இரண்டாவது தடவை. மீராசா வெயிலில் நின்று, தான் ஓடி விளையாடிய மண்ணை, ஊர்பேர் தெரியாதவன்போல் இடமும் வலமும் பார்த்தார். மண் அவரை அடையாளம் காணவில்லை.

"ஐயா, கொஞ்சம் பொறுங்க."

முனவ்வறாவின் குரல். அடுக்களை வாசலில் நின்றாள். வெள்ளைச் சேலையால் தலையை மூடியிருந்தாள். கையில் மா ஒட்டியிருந்தது.

"கல்லு இரிக்கி. நான் காட்டுறன்."

"உம்மா!" என்றாள் கமீலா.

முனவ்வறா திரும்பிப் பார்க்கவில்லை. அடுக்களையைச் சுற்றி, கிணற்றை எட்டும் முன் கிழக்கு வேலிப் பக்கம் நடந்தாள். அங்கே மார்பளவு உயரத்துக்கு விறகு அடுக்கியிருந்தது.

"இதுக்குக் கீழ. புயல் அடிச்சதுக்கு விடிய வந்து பாத்தன். தென்னை வேரோட சரிஞ்சி, கல்லயும் பேத்துக்கொண்டு வந்து கிடந்த. குழி அப்படியே இரிந்திச்சி. நானும் கமீலாட வாப்பாவுமாத் திருப்பி இறக்கி மண் போட்ட. கோடு நட்ட கல்லு, ஆருட ஹக்கோ, ஆருட பங்கோ எண்டு. பொறகு விறகடுக்கினன்."

விறகை எடுக்க மீராசா குனிந்தார். வேறு யாரும் கை வைக்கவில்லை.

"தம்பி, செருப்பப் போட்டுக்க. விறகுக்குள்ள பூரான் இரிக்கும்."

அந்தக் குரலில் கோபம் இருந்திருந்தால் அவர் தாங்கியிருப்பார். ஏழு வயதில் அவரைக் கிணற்றடியில் நிறுத்தித் தலையில் தண்ணீர் ஊற்றியபோது இருந்த அதே குரல் அது. மீராசா செருப்பைப் போட்டுக்கொண்டார். ஒவ்வொரு விறகாக எடுத்தார். அடியில், பாதி மண்ணில் புதைந்து, சேவையர் வெட்டிய குறியோடு, கல் இருந்தது.

இரண்டு கல்லுக்கும் கயிறு பிடித்தார்கள். அடுக்களை முழுதாக, ஓட்டுக் கூரையின் கடைசி விளிம்புவரை, மீராசாவின் பக்கம் விழுந்தது. முனவ்வறாவின் பக்கத்தில் கிணறும் வாழையும் வானமும் மிஞ்சின.

கச்சிமுகம்மது வேலியிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

கமீலாதான் அழுகையும் ஆத்திரமுமாகக் கத்தினாள். "உங்களுக்கு என்ன உம்மா வந்த? வாய மூடிக்கொண்டு இரிந்தா அடுக்களையாவது மிஞ்சியிரிக்கும்! ஒருத்தருக்கும் தெரியா! மாமாக்கே தெரியா!"

"மிஞ்சும். அதுல ஆக்கின சோறு தொண்டையால இறங்குமா?"

"அப்ப எதுக்கு அவங்கட காணியில கட்டின?"

"வெல்லுவம் எண்டு நெனச்சிக் கட்டின. தோத்திட்டம். தோத்தா தோத்ததுதான் புள்ள. அதுக்காகக் கல்லத் தள்ளி வைக்கிறதா?" அவள் அழகரெத்தினத்தைப் பார்த்தாள். "ஐயா, சாமான எடுக்க ஒரு மணித்தியாலம் தாங்க. இடியப்பம் அவிஞ்சுகொண்டிரிக்கி. இறக்கிப்போட்டுத்தான் அடுப்ப அணைக்கலாம்."

"எடுங்க தங்கச்சி. அவசரமில்ல" என்றார் அவர்.

சாமான்கள் வெளியே வரத் தொடங்கின. தையல் மெசினைக் கமீலா தனியே தூக்க முயன்றாள். விதானை போய் ஒரு பக்கம் பிடித்தார். பெட்டகம், பாய்ச் சுருள், மச்சான் ஹஸனின் சாய்கதிரை, பித்தளைப் படிக்கம். எல்லாவற்றையும் கிணற்றடியில் வாழை நிழலில் வைத்தார்கள். வீட்டுக்குள் எவ்வளவோ சாமான் இருந்ததுபோல் தெரிந்தது. வெளியே வைத்ததும் ஒரு கைவண்டிக்குள் அடங்கிவிடும் போலிருந்தது.

மீராசா முற்றத்தில் நின்றார். என்ன செய்கிறோம் என்று தெரியாமல் ஒருமுறை குனிந்து பாய்ச் சுருளைத் தூக்கப்போனார். கமீலா அதை அவர் கைக்கு எட்டாமல் இழுத்துக்கொண்டாள்.

பந்தல் கால், வாப்பாவின் குரல், மரைக்கார்மார் தலையசைத்தது. எல்லாம் அவருக்கு ஞாபகம் வந்தது. அது மறந்தே இருக்கவில்லை. யாருக்கும் தெரியாத ஒன்றை ராத்தா சொன்னாள், தனக்குப் பாதகமென்று தெரிந்துகொண்டே. எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை அவர் சொல்லவில்லை, சொன்னாலும் நட்டம் வராது என்ற இடத்தில்கூட. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க அவர் விரும்பவில்லை. யாரோ வைத்துவிட்டார்கள்.

பள்ளியில் நண்பகல் லுஹருக்குப் பாங்கு சொன்னார்கள்.

கடைசியாக முனவ்வறா வெளியே வந்தாள். கதவைப் பூட்டினாள். திறப்பைத் தம்பியிடம் கொடுக்கவில்லை. அழகரெத்தினத்திடம் கொடுத்தாள். பிறகு கிணற்றடிக்குப் போய், சாய்கதிரையில் இருக்காமல், அதன் காலடியில் நிலத்தில் இருந்தாள்.

அழகரெத்தினம் விதானையின் சைக்கிள் சீட்டில் கோவையை வைத்துப் பேனாவைத் திறந்தார். "காக்கா, இந்தாங்க திறப்பு. இதில கையெழுத்து. காணியும் வீடும் பாரமெடுத்ததெண்டு."

மீராசா திறப்பை வாங்கவில்லை.

"ஐயா, இண்டைக்கு விட்டுட்டு மறுகா ஒருநாள் எடுத்தா என்ன?"

"மறுகா ஒருநாளா? நான் தவணை போடுற ஆளில்ல, காக்கா. நான் எழுதுறதுக்கு ரெண்டு வசனந்தான் இருக்கு. வழக்காளி பாரமெடுத்தார். இல்லாட்டி, வழக்காளி வேண்டாமெண்டு சொன்னார். ரெண்டாவத எழுதினா இந்த வளவைக் கேட்டு இனி நீங்க கோட்டுப் படி ஏற ஏலாது. யோசிச்சுச் சொல்லுங்க."

மீராசா யோசித்தார். வேண்டாமென்றால் நதீராவுக்கு என்றென்றைக்கும் வீடில்லை. எடுத்தால் இந்த மாலை, மாப்பிள்ளையின் உம்மா அந்த அடுக்களைச் சுவரைத் தட்டிப் பார்த்து, "நல்ல வேலை" என்று சொல்வாள். கிணற்றடியில் ராத்தா அதைக் கேட்டுக்கொண்டு இருப்பாள். விட்டுக்கொடுக்கவும் அவருக்கு நெஞ்சு வரவில்லை. எடுக்கவும் கை வரவில்லை. நல்லவர் என்று பெயர் எடுக்கும் துணிவும் இல்லை, கெட்டவர் என்று பெயர் எடுக்கும் துணிவும் இல்லை. நம்மில் அதிகம் பேர் அவரைப் போலத்தான்.

"ஐயா, வழக்காளி வராட்டி என்ன எழுதுவீங்க?"

"வராட்டி, வரல்ல எண்டு எழுதிக் கட்டளையைத் திருப்பிக் கோட்டுக்கு அனுப்புவன். மறுகா கேட்டு எடுக்கலாம். அது வேற." அழகரெத்தினம் தலையை நிமிர்த்தினார். "ஏன் கேக்கிறீங்க? நீங்க என்னோட ஒரே கார்ல வந்து, இந்தா என்ட முன்னால நிக்கிறீங்க. விதானை பாத்துக்கொண்டு நிக்கிறார். ஊரே நிக்குது."

ஊர் நின்றது. கச்சிமுகம்மது நின்றார். கமீலா தையல் மெசினில் கை வைத்தபடி நின்றாள். முனவ்வறா மட்டும் இந்தப் பக்கம் பார்க்காமல் இருந்தாள்.

மீராசா ஓரடி முன்னால் வந்தார். பேனாவுக்குக் கிட்டக் குனிந்தார். இருபத்தெட்டு வருட உத்தியோகத்தில் ஒரு எழுத்தும் பொய்யாக எழுதியிராத அழகரெத்தினத்தின் கையைப் பார்த்துக்கொண்டே, ராத்தாவுக்குக் கேட்கக்கூடாத குரலில் சொன்னார்:

"நான் வரல்ல எண்டு எழுதுங்க ஐயா."